பத்துக் கேள்விகளை வன்னிக்குக் கொண்டுபோதல்

கேட்டவர் இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு வைத்தியசாலையில் கடமையாற்றும் தாதிய உத்தியோகத்தர். பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு ஆய்வுக்காகத் தன்னோடு வேலை செய்பவர்களின் மன நெருக்கீட்டை அளக்க விரும்புகிறார். 'உணரப்பட்ட நெருக்கீட்டு அளவுகோல்' (Perceived Stress Scale) எனப்படும் வினாக்கொத்தின் தமிழ் வடிவம் ஒன்று இணையத்தில் கிடைத்திருக்கிறது. சந்தேகங்கள் மூன்று. அந்த வடிவத்தை அப்படியே பயன்படுத்தலாமா? எத்தனை பேரிடம் கொடுக்க வேண்டும்? எத்தனை புள்ளிக்கு மேல் போனால் 'கடும் நெருக்கீடு' என்று எழுதலாம்?

மூன்றாவதற்குப் பதில் சுருக்கமானது: அப்படி எழுதவே வேண்டாம். ஏன் என்பது கீழே வரும். இரண்டாவது வெறும் கணக்கு. முதலாவதில்தான் உங்கள் ஆய்வின் தலைவிதி இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மாணவர்கள் அதற்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்: 'வினாக்கொத்து தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது.' யார் பெயர்த்தார்கள், யாரிடம் வாசித்துக் காட்டினார்கள், எந்தச் சொல் இடறியது என்று ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட அறிக்கை கையில் வந்தால் பின்னால் வரும் அட்டவணைகளை நான் அரை மனதோடுதான் பார்ப்பேன்.

அளவுகோலின் வரலாறு நீண்டதன்று. ஷெல்டன் கோஹனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1983இல் அமெரிக்காவில் 14 கேள்விகளோடு அதை வெளியிட்டார்கள். 1988இல் கோஹனும் வில்லியம்சனும் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். இன்று எல்லோரும் கையில் எடுப்பது இந்தப் பத்தைத்தான். அடித்தளம் ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளரின் சிந்தனை: ஒரு நிகழ்வு எவ்வளவு பெரியது என்பதைவிட, அதைச் சந்திப்பவர் 'இது என் சக்திக்கு உட்பட்டதா' என்று எடைபோடுவதில்தான் நெருக்கீடு பிறக்கிறது. ஆகவே எத்தனை இரவுக் கடமை செய்தீர்கள், ஒரு வார்டில் எத்தனை நோயாளிகள் என்றெல்லாம் இந்த வினாக்கொத்து கேட்பதில்லை. கடந்த ஒரு மாதத்தில் வாழ்க்கை எவ்வளவு எதிர்பாராததாக, கைக்கு அடங்காததாக, சுமை மிஞ்சியதாகத் தோன்றியது என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை ஐந்து தெரிவுகள். ஆறு கேள்விகள் துன்பத்தைத் தொடுகின்றன. 4, 5, 7, 8 ஆகிய நான்கும் சமாளிப்பைத் தொடுகின்றன. இந்த நான்கின் புள்ளிகளைத் திருப்பிப் போட்டு (0ஐ 4 ஆக, 1ஐ 3 ஆக) கூட்ட வேண்டும். மொத்தம் 0 முதல் 40 வரை வரும். இலாப நோக்கமற்ற கல்வி ஆய்வுக்கு அனுமதி கேட்கத் தேவையில்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தப் பத்துக் கேள்விகளில் எதிலும் 'வேலை' என்ற சொல்லே இல்லை. கடன், பிள்ளையின் பரீட்சை, காணாமலாக்கப்பட்ட அண்ணன், நிரந்தரமாகாத வீட்டுக் கூரை எல்லாம் ஒரே புள்ளிக்குள் விழும். வேலையால் வரும் களைப்புத்தான் உங்கள் குறி என்றால் இதோடு இன்னொரு கருவி வேண்டும். கிறிஸ்டினா மஸ்லாக்கின் வினாக்கொத்து காசு கொடுத்து வாங்க வேண்டியது. கோபன்ஹேகனில் உருவாகி 2005இல் வெளிவந்த 19 கேள்விகள் கொண்டது இலவசம். அதில் வேலைக் களைப்பும் நோயாளியோடு பழகும் களைப்பும் தனித்தனியாக நிற்கும். ஆனால் அதையும் தமிழாக்க வேண்டும். கீழே சொல்லும் அத்தனை வில்லங்கங்களும் அதற்கும் உண்டு.

சரி, மொழிக்கு வருவோம். முதல் இடறல் தலைப்பிலேயே இருக்கிறது. தமிழகத்துப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் 'மன அழுத்தம்' என்ற சொல்லை நெருக்கீட்டுக்கும் போடுகின்றன, மனச்சோர்வு என்ற நோய்க்கும் போடுகின்றன. யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர்கள் பல ஆண்டுகளாக இவற்றைப் பிரித்து எழுதி வருகிறார்கள்: நெருக்கீடு, பதகளிப்பு (பதற்றம்), மனச்சோர்வு, மனவடு (பேரதிர்ச்சி மனதில் விட்டுச்செல்லும் காயம்). தாதியர் பயிற்சியிலும் உளசமூகப் பணியிலும் இருந்தவர்களுக்கு இவை பழக்கமானவை. ஆனால் வார்டு கழுவும் சிற்றூழியருக்கு 'நெருக்கீடு' என்றால் பஸ்ஸில் நெரிபடுவது போலத்தான் கேட்கும். அவர் சொல்லும் சொல் 'ரென்சன்', இல்லாவிட்டால் 'யோசனை'. வன்னியில் ஒருவர் 'எனக்கு இப்போது யோசனை கூட' என்றால் அவர் திட்டம் தீட்டுகிறார் என்று அர்த்தமில்லை, கவலை அவரைத் தின்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லைத் தெரியாமல் வெளியிலிருந்து வந்த ஆய்வாளர், 'அதிகமாக யோசிக்கிறேன்' என்ற பதிலைச் சிந்தனைத் திறன் என்று குறித்துவைத்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

மூன்றாவது கேள்வி பதற்றமும் நெருக்கீடும் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது. ஆங்கில மூலத்திலேயே இருப்பது அது, நீங்கள் பிரிக்க முடியாது. ஆனால் எந்தச் சொல்லைப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று எழுதலாம். நானாக இருந்தால் 'பதற்றமாகவும் மன நெருக்கீட்டுடனும் (ரென்சனாக)' என்று அடைப்புக்குள் பேச்சு வழக்கையும் போடுவேன். எழுத்து மொழியின் தூய்மையைக் காப்பாற்ற வேண்டிய இடம் வேறு; இது அதற்குரிய இடமன்று.

அடுத்தது 'கட்டுப்பாடு'. பத்துக் கேள்விகளில் மூன்றில் இந்த எண்ணம் ஓடுகிறது: முக்கியமான விடயங்களைக் கட்டுப்படுத்த முடியாமை, எரிச்சல்களைக் கட்டுப்படுத்தல், கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவற்றால் கோபமடைதல். வைத்தியசாலைக்குள் 'கட்டுப்பாட்டில் இருக்கிறதா' என்றால் சீனி வியாதியும் இரத்த அழுத்தமும்தான். வெளியே, நாற்பது வயதைக் கடந்த வன்னிக்காரருக்கு 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்பது யாருடைய சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகிறோம் என்ற கணக்கு. இவ்வளவு சுமை ஏறிய சொல்லை ஒரு சாதாரணக் கேள்விக்குள் வைத்தால் சிலர் தடுமாறுவார்கள். தமிழில் இதற்கு இயல்பாக வருவது 'கை'. 'என் கையில் இல்லை', 'கையை மீறிப் போய்விட்டது', 'கைக்குள் அடங்கவில்லை'. இரண்டாவது கேள்வியை 'உங்கள் வாழ்க்கையின் முக்கியமான விடயங்கள் உங்கள் கையை மீறிப் போவதாக எத்தனை தடவை உணர்ந்தீர்கள்?' என்று கேட்டுப்பாருங்கள். யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

ஏழாவதில் வரும் 'எரிச்சல்' வேறு வகை. சலம் போகும்போது எரிவதும் எரிச்சல், புண் எரிவதும் எரிச்சல். நாள் முழுதும் நோயாளிகளிடம் 'எரிச்சல் இருக்கிறதா?' என்று கேட்டே பழகிய ஒருவரிடம் 'எரிச்சல்களைக் கட்டுப்படுத்த முடிந்ததா' என்று கேட்டால் ஒரு கணம் மருந்துதான் ஞாபகம் வரும். 'எரிச்சலூட்டும் விடயங்களைப் பொறுத்துக்கொண்டு சமாளிக்க முடிந்தது' என்று நீட்டினால் தெளிவு வரும். ஆனால் 'பொறுத்தல்' வந்தவுடன் பொருள் சற்று நகர்கிறது: மூலம் அடக்கியாள்வதைக் கேட்கிறது, பொறுமையையன்று. எங்கள் ஊர்ப் பெண்களிடம் பொறுமையைப் பற்றிக் கேட்டால் யார்தான் 'எனக்கு இல்லை' என்பார்கள்? 'பொறுத்து' என்பதை எடுத்துவிட்டு 'சமாளிக்க' மட்டும் வைத்ததுதான் எனக்குத் திருப்தி தந்த வடிவம்.

நான்காவதில் 'தனிப்பட்ட பிரச்சினைகள்' வருகிறது. இதை வெறுமையாக விட்டுவிடும் இளம் தாதியரைப் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது. நம் வழக்கில் 'உங்களுடைய தனிப்பட்ட பிரச்சினை' என்றால் காதல், கல்யாணம், குடும்பச் சண்டை. 'உங்களுடைய சொந்தச் சிக்கல்கள்' என்றாலும் அதே சந்தேகம்தான். 'உங்களுக்கு வரும் பிரச்சினைகளை' என்று இலகுவாக்கியபோது கை தயங்காமல் ஓடியது.

பத்தாவது, கஷ்டங்கள் மலைபோல் குவிவது, தமிழுக்குத் தானாக வந்து உட்காரும். 'தலைக்கு மேல் வெள்ளம்' என்று ஒருவர் முன்மொழிந்தார். அழகாக இருந்தாலும் தவிர்த்தோம். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்ற பழமொழி பின்னாலேயே வந்துவிடும். அது கைவிட்டுவிட்ட மனநிலை, குவிகிற மனநிலை அன்று.

இனி எட்டாவது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவிக்குத் துணையாக, இந்தப் பத்துக் கேள்விகளோடு ஒரு பிரதேச வைத்தியசாலையின் தேநீர் அறையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தன் கைக்குள் இருப்பதைக் குறிக்கும் 'on top of things' என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, எங்கள் கையில் இருந்த வடிவத்தில் எட்டாவது கேள்வி 'நீங்கள் விடயங்களின் உச்சியில் இருப்பதாக எத்தனை தடவை உணர்ந்தீர்கள்?' என்றிருந்தது. இரவுக் கடமை முடித்து வந்த ஒரு தாதி மிஸ், பிளேன்ரீயைக் கையில் வைத்தபடி அதை இரண்டு தடவை உரத்து வாசித்தார். 'உச்சி என்றால், பதவி உயர்வைக் கேட்கிறீர்களா சேர்?' என்றார். பக்கத்தில் இருந்த வயதான மருத்துவமாது, 'இல்லைப் பிள்ளை, மேலிடத்தோடு நல்ல உறவா என்று கேட்கிறார்கள்' என்று திருத்தினார். இரண்டு பேரும் மிகப் பொறுப்பாக ஆளுக்கொரு எண்ணை வட்டமிட்டார்கள். அந்த இரண்டு எண்களும் அப்படியே கணினிக்குள் போயிருந்தால், ஒன்று பதவி உயர்வையும் மற்றது செல்வாக்கையும் அளந்திருக்கும். அட்டவணையில் இரண்டும் 'சமாளிப்புத் திறன்' என்று பெயர் போட்டுக்கொண்டு நின்றிருக்கும்.

இந்த வேலைக்குப் பெயர் அறிதிறன் நேர்காணல். பெயர்தான் பெரியது. ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கச் சொல்லி, 'இதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். என்ன நினைத்து இந்த எண்ணைப் போட்டீர்கள்?' என்று கேட்பதுதான் அது. தாதியர், மருத்துவமாதுகள், சிற்றூழியர், ஆய்வுகூடத்தார் என்று வகைக்கு மூன்று நான்கு பேரிடம் கேட்டால் போதும், பெரும்பாலான ஓட்டைகள் தெரிந்துவிடும். எட்டாவதை நாங்கள் 'எல்லாம் உங்கள் கைக்குள் அடங்கி, ஒழுங்காக நடப்பதாக' என்று மாற்றினோம். அதன்பின் யாரும் பதவி உயர்வு கேட்கவில்லை.

மீள்மொழிபெயர்ப்புச் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் அதை முறைப்படுத்தி எழுதிய நாளிலிருந்து எல்லோரும் செய்கிறார்கள், நீங்களும் செய்யுங்கள். இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்த்திராத ஒருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவது வழக்கமான ஒழுங்கு. ஆனால் அதன் குருட்டுப் புள்ளியைத் தெரிந்து வைத்திருங்கள். 'விடயங்களின் உச்சியில்' என்ற அந்த வரியைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் மூலம் சொல்லுக்குச் சொல் கிடைத்துவிடும்! தமிழ் எவ்வளவு மோசமோ அவ்வளவு சுத்தமாகத் திரும்பும். 'கைக்குள் அடங்கி' என்ற நல்ல வரி திரும்பும்போது சற்று விலகித்தான் நிற்கும். மீள்மொழிபெயர்ப்பை மட்டும் நம்பும் குழு, நல்லதைக் கழித்துவிட்டுக் கெட்டதை வைத்துக்கொள்ளும்.

தெரிவுகளிலும் ஒரு கண் வையுங்கள். கடைசித் தெரிவு 'மிக அடிக்கடி'. சில தமிழ் வடிவங்களில் அது 'எப்போதும்' என்று மாறியிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. 'எப்போதும் என்றால் நெடுகலுமா? அப்படி ஒருவருக்கும் இராது' என்று சொல்லி எல்லோரும் 3இலேயே நின்றுவிடுவார்கள். உங்கள் அளவுகோலின் மேல் நுனி பயனற்றுப் போகும். அதுபோல 'கடந்த மாதம்' என்று எழுதினால் சிலர் ஆவணியா புரட்டாசியா என்று பார்ப்பார்கள், சிலர் சென்ற சம்பளத்துக்கு முந்திய மாதத்தை நினைப்பார்கள். 'இன்றிலிருந்து பின்னோக்கி ஒரு மாத காலத்தில்' என்பது கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் சண்டையில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் ஒரு கேள்வியையும் வாசிக்காமல், ஒரே நிரலில் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்துவிட்டார் என்று வையுங்கள். எல்லாவற்றுக்கும் 0 போட்டவருக்கு ஆறு கேள்விகளில் பூச்சியம், திருப்பிப் போடும் நான்கில் 16, மொத்தம் 16. எல்லாம் 1 என்றால் 18. பிறகு 20, 22. எல்லாம் 4 என்றால் 24. இணையத்தில் சுற்றும் வகைப்பாடு என்ன சொல்கிறது? 0–13 குறைவு, 14–26 மிதம், 27–40 கடும். ஆகவே வினாக்கொத்தைத் திறந்தே பார்க்காத ஐந்து விதமானவர்களும் 'மிதமான நெருக்கீடு' என்ற அறைக்குள்தான் விழுவார்கள். 'பெரும்பான்மையோர் மிதமான நெருக்கீட்டில் உள்ளனர்' என்று முடியும் அறிக்கைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோடுதான் கண்ணில் தெரியும்.

அந்த எல்லைகள் கோஹனின் குழு வகுத்தவையும் அல்ல. இது நோய் கண்டறியும் கருவியன்று, வெட்டுப்புள்ளி கிடையாது என்பதுதான் அவர்களுடைய நிலைப்பாடு. 40ஐ ஏறக்குறைய மூன்றாகப் பங்கிட்டதைத் தவிர அந்த எல்லைகளுக்குப் பின்னால் ஒரு வைத்தியரின் நேர்காணல் கூட இல்லை. அதோடு அளவீட்டின் ஆட்டத்தையும் பாருங்கள். நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றிப் பரவி நிற்கும் அளவு) 6, குரொன்பாக் அல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) 0.8 என்று வைத்தால் ஒரு தனிப் புள்ளியின் நியம வழு, அதாவது அது ஆடக்கூடிய அளவு, ஏறத்தாழ 2.7. அதாவது 26 எடுத்தவரையும் 28 எடுத்தவரையும் இந்தத் தாளால் பிரித்தறிய முடியாது. நீங்களோ ஒருவரை 'மிதம்' என்றும் மற்றவரைக் 'கடும்' என்றும் பிரித்துவைப்பீர்கள். சராசரி, நியம விலகல், பரம்பல் படம் ஆகியவற்றைக் கொடுங்கள். உங்கள் மாதிரிக்குள்ளேயே இரவுக் கடமை செய்பவர், செய்யாதவர் என்று ஒப்பிடுங்கள். 1983இல் 2,387 அமெரிக்கர்களிடம் எடுத்த மாதிரியில் பத்துக் கேள்விகளுக்கான சராசரி 13 அளவில் வந்தது. அந்த எண்ணை எடுத்து வந்து வன்னியின் புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் வைத்து 'எங்களுக்குக் கூட' என்று எழுத வேண்டாம். மொழி, காலம், தொழில் மூன்றும் வேறு.

கோடு இழுத்தவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம்: திருப்பிப் போடுவதற்கு முன் பத்தும் ஒரே எண்ணாக இருக்கும். அவர்கள் எத்தனை பேர் என்று அறிக்கையில் சொல்லுங்கள். சமாளிப்புக் கேள்விகள் நான்கும் துன்பக் கேள்விகளோடு எதிர்த்திசையில் போகிறதா என்றும் பாருங்கள். பல மொழிகளில் இவை இரண்டும் தனித்தனிக் காரணிகளாக (ஒன்றோடொன்று சேர்ந்து நகரும் கேள்விக் கூட்டங்களாக) பிரிந்து நிற்பது தெரிந்த விடயம், அது குற்றமில்லை. ஆனால் உங்கள் தரவில் எட்டாவது மட்டும் தன் கூட்டத்தை விட்டுத் தனியாக நின்றால், சந்தேகத்தை மனிதர்மேல் வைப்பதற்கு முன் தமிழ்மேல் வையுங்கள்.

இனி, வன்னியில் ஒரு படிவம் என்பது என்ன என்று யோசியுங்கள். 2009க்குப் பிறகு மெனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் இந்தச் சனம் நிரப்பாத படிவமில்லை. நிவாரணப் படிவம், வீட்டுத்திட்டப் படிவம், காணாமற்போனோர் விபரம், படையினரின் பதிவு. எந்தப் படிவத்தில் எதைக் கூட்டிச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லவே கூடாது என்ற படிப்பு வீட்டுக்கு வீடு உண்டு. இன்று வைத்தியசாலையில் வேலை செய்யும் முப்பது வயதுக்காரர் அன்று அந்த வரிசைகளில் நின்ற பிள்ளை. நீங்கள் நீட்டும் தாளின் முதல் பக்கத்தில் பணிப்பாளரின் அனுமதிக் கடிதம் இணைத்திருந்தால், நிர்வாகம் கேட்கிறது என்றே எடுத்துக்கொள்வார். இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்திருப்பவர் கஷ்டத்தைக் கூட்டுவார். பொறுப்பு வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் குறைப்பார். அனுமதி கட்டாயம் எடுங்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பிராந்தியப் பணிப்பாளரின் அனுமதியும் இல்லாமல் அடி வைக்க முடியாது. ஆனால் அந்தக் கடிதம் கோப்பில் இருக்கட்டும், தாளில் வேண்டாம்.

பெயர் எழுதச் சொல்லவில்லை, ஆகவே இரகசியம் என்றும் நினைக்காதீர்கள். வயது, பால், பதவி, பிரிவு, சேவைக்காலம் ஐந்தையும் கேட்டால் சின்ன வைத்தியசாலையில் அது பெயர் எழுதியதற்குச் சமம். அந்த வார்டில் ஐம்பது தாண்டிய சிஸ்டர் ஒருவர்தான் இருப்பார். வயதைப் பத்து ஆண்டு இடைவெளியாகக் கேளுங்கள், பிரிவை விட்டுவிடுங்கள். நிரப்பிய தாளை வார்டுப் பொறுப்பாளர் சேகரிக்கவே கூடாது. ஒட்டிய உறை, கைவிரல் பதிவுக் கருவியிலிருந்தும் கமராவிலிருந்தும் தள்ளி ஒரு பூட்டிய பெட்டி. நீங்களே அங்கு வேலை செய்பவர் என்பதால் உங்கள் கையெழுத்துப் பரிச்சயம்கூட ஒரு சிக்கல்தான். தரவேற்றத்தை வேறொருவரிடம் கொடுங்கள்.

எனக்கு நெடுநாள் விடை தெரியாதிருந்த ஒன்றையும் சொல்கிறேன். அதே தேநீர் அறையில் மூத்த தாதி ஒருவரும் தாளை நிரப்பினார். போரின் கடைசி மாதங்களில், வைத்தியசாலை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் பள்ளிக்கூட அறைகளிலும் தறப்பாளுக்குக் கீழும் நடந்தபோது காயக்காரரைப் பார்த்தவர். அந்தக் கிழமை மூன்று இரவுக் கடமைகள் முடித்திருந்தார். கால் வீங்கியிருந்தது. கேள்விகளைக் கவனமாக வாசித்தார், ஒன்றையும் தவறாக விளங்கவில்லை. துன்பக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் 0, 1. 'இதெல்லாம் ஒரு கஷ்டமா தம்பி? லைற் எரிகிறது, சேலைன் இருக்கிறது' என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நியமனத்தில் வந்த இளையவர், அதே கடமைப் பட்டியலில், 3, 4 என்று போட்டிருந்தார்.

எந்தப் புள்ளி சரி? கருவியின் பெயர்ப்படி இரண்டும் சரி. உணரப்பட்ட நெருக்கீட்டைத்தானே கேட்டோம்? மூத்தவரின் உரைகல் வேறு, இளையவரின் உரைகல் வேறு. ஆனால் இதிலிருந்து 'சேவைக்காலம் கூடக் கூட நெருக்கீடு குறைகிறது' என்று எழுதி, 'அனுபவசாலிகளுக்கு மேலதிகக் கடமை கொடுக்கலாம்' என்று பரிந்துரைத்தால் அது அநியாயம். அந்த மூத்தவரின் கால் வீக்கம் எந்தக் கேள்வியிலும் இல்லை. மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதிய கட்டுரையை ஒருமுறை வாசியுங்கள். தனி ஆளின் புள்ளியாக மட்டும் பார்த்தால் எது நழுவிப்போகும் என்பது புரியும். எங்கள் முதியவர்கள் துயரத்தைச் சொல்லில் வைப்பதைவிட உடலில் வைப்பவர்கள். பெருமூச்சு, நெஞ்சுப் பாரம், கைகால் உளைவு, தலையிடி. ஆகவே வினாக்கொத்தோடு நித்திரை மணித்தியாலம், கடந்த மாத இரவுக் கடமைகளின் எண்ணிக்கை, உடல் உபாதை பற்றி இரண்டு மூன்று நேரான கேள்விகளையும் சேர்த்துவிடுங்கள். எட்டுப் பத்துப் பேரோடு உட்கார்ந்து பேசவும் நேரம் ஒதுக்குங்கள்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். மாரியில் கேட்டால் டெங்குக் காலம், வார்டில் நிலத்திலும் பாய் விரித்திருக்கும். மாதக் கடைசியில் கேட்டால் மருத்துவமாதுகள் அறிக்கை எழுதி முடிக்கும் அவதியில் இருப்பார்கள். மே மாதம் கேட்டால், முள்ளிவாய்க்கால் நினைவு நாட்களை ஒட்டி, நீங்கள் அளப்பது வைத்தியசாலைச் சுமையை மட்டுமல்ல. எந்த மாதமும் தூய மாதம் கிடையாது. எல்லா நிலையங்களிலும் ஒரே இரண்டு கிழமைக்குள் முடியுங்கள், அது எந்த இரண்டு கிழமை என்று எழுதுங்கள்.

மொழி இரண்டு. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சிங்களம் பேசும் தாதியரும் வைத்தியர்களும் கணிசமாக உண்டு. சிங்களத்தில் நெருக்கீட்டுக்கு 'ஆததிய' என்றும் மனச்சோர்வுக்கு 'விஷாதய' என்றும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. தமிழ்த் தாளும் சிங்களத் தாளும் ஒரே பொருளைக் கேட்கின்றனவா என்று பார்க்காமல் இரண்டையும் ஒரே கோப்பில் கொட்டி, 'சிங்கள உத்தியோகத்தருக்கு நெருக்கீடு குறைவு' என்றோ கூட என்றோ எழுதினால், அந்த வித்தியாசம் மனிதருடையதா மொழிபெயர்ப்புடையதா என்று எவராலும் சொல்ல முடியாது. உங்கள் ஆய்வின் அளவுக்கு முழுமையான சமநிலைச் சோதனை நடத்தப் போதிய ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். ஆகவே இளங்கலை ஆய்வுக்குத் தமிழ் வினாக்கொத்தை மட்டும் எடுத்து, அதை ஒழுங்காகச் செய்வதே போதும். அப்படி விட்டதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எழுத்து வாசிக்கச் சிரமப்படும் சிற்றூழியர்களுக்கு வாசித்துக் காட்டலாமா? காட்டலாம், ஆனால் ஒரே ஆள், ஒரே வசனம், விளக்கம் சேர்க்காமல். இந்த அளவுகோல் குறைந்தது எட்டாம் ஒன்பதாம் வகுப்பு அளவு படித்தவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. வாசித்துக் காட்டிய தாள்களைத் தனியாகக் குறியிட்டு வையுங்கள்.

எத்தனை பேர் என்ற கேள்வி. எல்லோரும் எழுதும் அந்த 384 எங்கிருந்து வருகிறது தெரியுமா? முடிவற்ற சனத்தொகையில் ஒரு பாதி–பாதி விகிதத்தை 5 சதவீதத் துல்லியத்தோடு மதிப்பிடுவதற்கான எண் அது. உங்கள் நிலையங்களில் மொத்தமே 300 பேர் என்றால், சனத்தொகை சிறியது என்பதற்கான திருத்தத்துக்குப் பின் 169 போதும். அதிலும் நீங்கள் விகிதத்தையன்றிச் சராசரியை மதிப்பிடுகிறீர்கள் என்பதால் அந்தச் சூத்திரமே சரியான கருவியன்று. நடைமுறையில், 300 பேர்தான் என்றால் மாதிரி எடுக்காமல் எல்லோரிடமும் கொடுங்கள். காரணிப் பகுப்பாய்வு செய்ய நினைத்தால் பத்துக் கேள்விக்குக் குறைந்தது நூறு முழுமையான தாள்களாவது கையில் வேண்டும். அதே ஆள் திரும்ப நிரப்பினால் புள்ளி நிலைக்கிறதா என்று பார்க்கும் மறுசோதனைக்கு முப்பது பேரிடம் இரண்டு கிழமை இடைவெளியில் திரும்பக் கொடுங்கள். இடையில் அவர்களுடைய கடமைப் பட்டியல் மாறியிருந்தால் அதையும் குறியுங்கள்.

கடைசியாக ஒன்று, நெறிமுறைக் குழு எப்படியும் கேட்கும். யாராவது தாளின் ஓரத்தில் 'இனி ஏலாது' என்று எழுதிவைத்தால் என்ன செய்வீர்கள்? பெயரில்லாத தாள், ஆளைத் தேட முடியாது, தேடவும் கூடாது. 'எமது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம்' என்று எழுதுவது வீண். அந்தப் பிரிவின் வாசலில் நிற்பதைச் சக ஊழியர்கள் பார்ப்பார்கள் என்ற பயத்தில் யாரும் போகமாட்டார்கள். பக்கத்து மாவட்டத்து மனநலப் பிரிவோடு முன்கூட்டியே பேசி ஒரு தொடர்பை ஒழுங்கு செய்யுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் சேருங்கள். இரண்டையும் வினாக்கொத்தின் கடைசித் தாளில், கிழித்தெடுக்கக்கூடிய சின்னத் துண்டாக அச்சிடுங்கள். அதில் ஆய்வின் பெயரோ வைத்தியசாலையின் பெயரோ இருக்க வேண்டாம். வீட்டில் யாராவது பையைத் திறந்தாலும் சும்மா ஒரு துண்டுக் கடதாசியாகத் தெரியட்டும். பெட்டியைத் திறக்கும் நாளில் எத்தனை தாள்கள் அந்தத் துண்டு இல்லாமல் திரும்பியிருக்கின்றன என்று எண்ணி முடிவுகளில் ஒரு வரி சேருங்கள். அப்படி எண்ணப் போகிறீர்கள் என்பதை முன்பக்கத் தகவல் தாளிலேயே சொல்லிவிடுங்கள்.